சுத்தமான பூஜ்ஜியம்

அந்தத் துறையில் முனைவர் பட்டம் வாங்க மூளை வேண்டுமோ இல்லையோ, ஒரு பூஜ்ஜியம் கட்டாயம் வேண்டும்.

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில், 'இந்தப் பொருளில் இதுவரை யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை' என்று ஒரு வாக்கியம் எழுதியாக வேண்டும். சும்மா எழுதினால் செல்லாது. நூலகத்தின் தேடல் பக்கத்தில் தலைப்பைப் போட்டுத் தேடி, 'முடிவுகள்: 0' என்று வருகிற திரையைப் படம் பிடித்து, அதன் கீழே நூலகத்தின் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்கி ஒட்ட வேண்டும். தேடல் சான்று என்று பெயர். பல்கலைக்கழகம் நல்ல எண்ணத்தோடுதான் இந்த விதியைப் போட்டது. நல்ல எண்ணத்துக்கு இந்த உலகத்தில் என்ன மரியாதை உண்டோ அதுவே இதற்கும் கிடைத்தது.

உண்மையாகத் தேடினால் பூஜ்ஜியம் லேசில் வராது. எவனாவது எங்காவது எதையாவது எழுதித் தொலைத்திருப்பான். அதனால் பிள்ளைகள் பூஜ்ஜியத்தை முதலில் முடிவு செய்துகொண்டு அப்புறம் தேட ஆரம்பித்தார்கள். தலைப்பைப் போட்டதும் ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறதா, ஓரத்தில் இருக்கிற ஃபில்டரை ஒவ்வொன்றாகத் தட்டு. அறிஞர்கள் சரிபார்த்தவை மட்டும். முழுக் கட்டுரையும் படிக்கக் கிடைப்பவை மட்டும். போன வருஷம் வந்தவை மட்டும். அப்படியும் ஏழெட்டு ஒட்டிக்கொண்டு கிடந்தால், காதால் கேட்டறியாத ஏதாவது ஒரு மொழியைத் தேர்ந்தெடு. பூஜ்ஜியம் வந்தே தீரும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்பார்கள். அந்தத் துறையில் இருண்டது. அதற்கு முத்திரையும் கேட்டார்கள்.

முத்திரை நூலகத் தகவல் மேசையில் இருந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை மாணவர்கள் 'தேடலக்கா' என்று கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் தேடிக் கொடுப்பாள். ஃபில்டர் தட்டி வரவழைத்த பூஜ்ஜியத்தைக் கொண்டுவந்து நீட்டினால் மட்டும் அவள் முகம் மாறிவிடும். சாக்கடையில் விழுந்த செருப்பைக் கையில் கொடுத்ததுபோல, அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுப்பாள்.

"ஃபில்டரை எல்லாம் எடுத்துட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

"கைடு கேக்கறாருக்கா."

"அவரையே வரச் சொல்லு."

அவர் வரமாட்டார். வந்தாலும் பிரயோஜனமில்லை. அந்த நெறியாளருக்குப் பேனா மூடியால் காது குடைகிற வழக்கம் உண்டு. குடைந்து முடித்ததும் மூடியை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை பார்ப்பார். பிறகு அதே பேனாவைத்தான் எதிரில் இருப்பவரிடம் கையெழுத்துக்கு நீட்டுவார். தேடலக்கா தன் பையில் எப்போதும் சொந்தப் பேனா வைத்திருந்ததற்கு அவர்தான் காரணம். அவரைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டும். ஆனால் அவரிடம்தான் அவளுடைய தம்பி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தான்.

அப்பா போனபோது தம்பி பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி. நூலக வேலை கிடைத்ததும் இவள் தன் மேல்படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவனைப் படிக்க வைத்தாள். இப்போது அவன் அதே துறையில் தற்காலிக விரிவுரையாளன். பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம். வீட்டில் அம்மா அதைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை. "என் பிள்ளை டாக்டராயிட்டா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்" என்பாள். உடனே கண்ணைத் திறந்து, "இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்பாள்.

தம்பியின் தலைப்பு, மருத்துவமனைச் சலவைக்கூடங்களில் வேலை செய்யும் பெண்களுக்குக் கைத்தோலில் வரும் புண்கள். அவன் தேடல் சான்று கேட்டு வந்தபோது அவள் சொந்தம் என்று சலுகை காட்டவில்லை. சொந்தம் என்பதாலேயே இன்னும் கறாராக நின்றாள். மாணவர்களுக்கு என்ன தெரிகிறதோ அதற்குத்தான் கையெழுத்து என்பது அவள் விதி. ஆகவே எல்லாருக்கும் திறந்திருக்கும் பொதுத் திரையில் தானே உட்கார்ந்து, ஒரு ஃபில்டரும் தட்டாமல் தேடினாள். சலவை என்று போட்டாள், துணி துவைத்தல் என்று போட்டாள், வெளுப்பு என்று போட்டாள். புண், அரிப்பு, தோலுரிதல், கை, விரல், நகம். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுப் போட்டு விரல் கடுத்தது. ஓட்டல் சலவை வந்தது. சோப்பால் கை வெடித்த செவிலியர் வந்தார்கள். மருத்துவமனைச் சலவைப் பெண்கள் மட்டும் எங்கேயும் இல்லை.

அந்தத் துறையின் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு சுத்தமான பூஜ்ஜியம்! அவளுக்கு உச்சி குளிர்ந்தது. முத்திரையை இரண்டு தடவை மையில் தொட்டுக் குத்தினாள். அன்றைக்கு வீட்டில் அம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பூஜ்ஜியம் வாங்கினதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றாள்.

ஆய்வேட்டை எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்ததும் அவள்தான். நாலாவது அத்தியாயத்தில் ஒரு புகைப்படம் இருந்தது. ஒரு பெண்ணின் வலது கை. உள்ளங்கை முழுக்கத் தோல் வெடித்து, மோதிர விரலில் பாதி நகம் இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவளால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

"இந்தம்மாவுக்கு இப்ப எப்படிடா இருக்கு?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"பரவாயில்லக்கா. நான்தான் ஆயின்மென்ட் வாங்கிக் குடுத்தேன். போனப்ப எல்லாம் 'தம்பி தம்பி'ன்னு உருகிடுவாங்க" என்றான்.

வளர்த்த பிள்ளை வீண்போகவில்லை என்று அவள் கண் கலங்கினாள்.

இதெல்லாம் நடந்து முடிந்து, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், தகவல் மேசைக்கு ஒரு பெண் வந்து நின்றாள். வெளுத்த கைப்பை, கசங்கிய கோப்பு, தூங்காத கண். செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை என்று சொன்னாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மேடம், என் தீசிஸ் உங்க லைப்ரரில இருக்கா, இல்ல தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"தூக்கிப் போடறதா? தீசிஸையா? ஏன் கேக்கறீங்க?"

"நேத்து ஒரு காலேஜ்ல இன்டர்வியூ. போர்டுல இருந்த ஒருத்தர் லேப்டாப்பத் தொறந்து, என் கண்ணு முன்னாடியே உங்க பக்கத்துல என் தலைப்பைப் போட்டுத் தேடினாரு. ஜீரோன்னு வந்துச்சு. திரையை என் பக்கம் திருப்பி வேற காட்டினாரு. 'பட்டம் வாங்கினேங்கறீங்க, உங்க யுனிவர்சிட்டிக்கே அது தெரியலையேம்மா'ன்னாரு. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க." ஆசிரியையின் குரல் உடைந்தது. "சர்டிபிகேட் கையில இருக்கு. அதையும் ஒரு மாதிரிதான் பாத்தாங்க மேடம். திருட்டுச் சாமானைப் பாக்கற மாதிரி. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள லைப்ரரில இருந்து லெட்டர் கொண்டாந்தா யோசிக்கறோம்னு சொல்லியிருக்காங்க."

"தலைப்பு என்னன்னு சொல்லுங்க."

ஆசிரியை சொன்னாள். மருத்துவமனைச் சலவைக்கூடம் என்று ஆரம்பித்து, கைத்தோல் புண்கள் என்று முடிந்தது.

தேடலக்காவின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. பொதுத் திரையில் போட்டாள். பூஜ்ஜியம். ஆசிரியையின் பெயரைப் போட்டாள். பூஜ்ஜியம். பிறகு ஊழியர்களுக்கு மட்டும் திறக்கிற உள்பக்கத்துக்குப் போனாள். அங்கே, முதல் வரியிலேயே, அந்த ஆய்வேடு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சிவப்பில், 'பொதுப் பார்வையிலிருந்து நீக்கப்பட்டது. காரணம்: சேதம்.' அதற்குக் கீழே, நீக்கிய ஊழியரின் பணிக் குறியீடு.

அது அவளுடைய குறியீடு.

அவள் அந்த ஆய்வேட்டைத் தொட்டதே இல்லை. அவளுடைய பாஸ்வேர்டு தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். வீட்டிலிருந்து கட்டுரைகளைப் படிக்க வசதியாக இருக்கும் என்று அவளே அவனுக்குக் கொடுத்தாள். கொடுக்கக் கூடாது என்று விதி. தம்பிக்குத்தானே என்று கொடுத்தாள்.

"ஒரு நிமிஷம் உக்காருங்க" என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டுக் கீழ்த்தள அடுக்குகளுக்கு இறங்கினாள். ஆய்வேடு இருந்த இடத்திலேயே இருந்தது. சேதமாம்! அட்டை நுனிகூட மடங்கவில்லை. முதல் பக்கத்தில் நெறியாளரின் கையெழுத்து. அதே ஆள். பேனா மூடிக்காரர். பக்கங்களைப் புரட்டினாள். அட்டவணைகளில் இருந்த எண்கள் எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். எழுத்துப்பிழை பார்த்தபோது ஒவ்வொன்றாகக் கூட்டிச் சரிபார்த்திருந்தாள். இன்னும் நாலு பக்கம் தள்ளினால் அந்தக் கை. அதே வெடிப்பு, அதே பாதி நகம். தம்பி படத்தின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் வெட்டியிருந்தான்.

அவள் கழிவறைக்குப் போய்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் தேவலாம் போலிருந்தது. இத்தனை வருஷமாக ஊரார் பிள்ளைகளின் அழுக்கு பூஜ்ஜியங்களை இரண்டு விரலால் திருப்பிக் கொடுத்தவள், சொந்தத் தம்பியின் அழுக்கைத் தலையில் வைத்துக் கூத்தாடியிருக்கிறாள். அதற்கு முத்திரை வேறு. மையில் இரண்டு தடவை தொட்டு.

மேலே வந்து ஆய்வேட்டை மேசையில் வைத்தபோது அது அந்தப் பக்கத்திலேயே திறந்துகொண்டது. ஆசிரியை குனிந்து படத்தை விரலால் தொட்டாள்.

"எங்கம்மா கை மேடம் இது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரித் துணி துவைச்ச கை. படம் எடுக்கவே விட மாட்டேன்னாங்க, அசிங்கமா இருக்குன்னு. நான் பட்டம் வாங்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க."

ஆயின்மென்ட் வாங்கிக் கொடுத்தேன் என்று சொன்னானே! செத்துப்போன பெண்ணின் கைக்கு ஆயின்மென்ட்! தேடலக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. திருடினான், அது ஒரு பக்கம். அந்தக் கையைக் காட்டித் தன்னிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

தம்பியை போனில் கூப்பிட்டாள். மாடிப்படித் திருப்பத்துக்கு வந்தான். வாய்மொழித் தேர்வுக்காக வாங்கிய புதுச் சட்டையைப் பழக்கத்துக்காகப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"சேதம்னு போட்டு மறைச்சது நீயா?"

அவன் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. அதுதான் கொடுமை.

"ஆமாக்கா. கொஞ்ச நாளைக்குத்தான். வைவா முடிஞ்சதும் திருப்பி எடுத்து விட்டுடலாம்னுதான் இருந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"யாருக்கு நஷ்டமா? கீழ உக்காந்திருக்கா பாரு, போய்க் கேளு!"

"தலைப்பு பதிவான அப்புறம்தான்கா அந்த தீசிஸ் கண்ணுல பட்டுச்சு. மாத்த முடியாதுன்னு கைடு சொல்லிட்டாரு. 'உங்கக்காதானே லைப்ரரில இருக்காங்க, பாத்துக்கோ'ன்னாரு. பாத்துக்கிட்டேன்."

"எண்ணையும் எடுத்துக்கிட்டியேடா. படத்தையும் எடுத்துக்கிட்டியே."

"எல்லாரும் எடுக்கறாங்கக்கா. இங்க யாரு போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறாங்க? உனக்கு ஒண்ணும் தெரியாது. மேசைல உக்காந்து தேடிக் குடுக்கற. அவ்வளவுதானே உன் வேலை."

அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அறைவதற்கும் அவனைத் தொட்டாக வேண்டும். அது பிடிக்காமல் அவள் திரும்பி இறங்கினாள்.

இதற்குள் தம்பி போன் செய்திருப்பான் போலிருக்கிறது. அவள் மேசைக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் நெறியாளரே வந்துவிட்டார். வரவே வராதவர், காதில் பேனா மூடியோடு வந்தார். ஆசிரியையை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

"நான் உங்க ஸ்டூடண்ட்தான் சார்" என்றாள் ஆசிரியை.

"அப்படியா? இருக்கும், இருக்கும்." முதல் பக்கத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தார். "நம்ம கையெழுத்துதான். எத்தனையோ போடறோம், எல்லாத்தையும் படிச்சுக்கிட்டா இருக்க முடியும்?" பிறகு தேடலக்காவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "என்னம்மா, இதுக்குப் போய் யோசிக்கிற? தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு வரி எழுதி லெட்டர் குடுத்துடு. இந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சிடும். அந்தத் தீசிஸை அடுத்த வாரம் எடுத்து விட்டுக்கலாம். நம்ம பையனுக்கும் பாதகமில்ல. உன் பேரும் வெளிய வராது." மூடியைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, அதைப் பேனாவில் மாட்டி அவளிடம் நீட்டினார். "எழுதும்மா."

அவள் அந்தப் பேனாவைத் தொடவில்லை.

முதலில் திரையைத் திருப்பிக்கொண்டு, மறைத்ததை எடுத்துவிட்டாள். ஒரே ஒரு தட்டு. ஆசிரியையைத் தன் பக்கத்துக்குக் கூப்பிட்டுத் தேடிப் பார்க்கச் சொன்னாள். 'முடிவுகள்: 1' என்று வந்தது. ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"கோளாறுன்னே போட்டுக் குடுங்க மேடம். எனக்கு அது போதும். பஸ்ஸைப் புடிக்கணும். எனக்கு வேலைதான் முக்கியம், யாரு பண்ணாங்கன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

நெறியாளர் முகம் மலர்ந்தது. "பாத்தியா? பாதிக்கப்பட்டவங்களே சொல்றாங்க." கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தம்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கோளாறு என்று ஒரு வார்த்தை. அதை எழுதினால் எல்லாருக்கும் நல்லது. அம்மாவுக்கு நல்லது, தம்பிக்கு நல்லது, இந்தப் பெண்ணுக்கும் குறைவில்லை. தேடலக்கா அந்த வார்த்தையைத் தட்டச்சுகூடச் செய்தாள். திரையில் அதைப் பார்த்தாள். எல்லாருக்கும் நல்லதான அந்த வார்த்தையிலிருந்து நாற்றம் வந்தது.

"உங்களுக்குப் போதும்மா. எனக்குப் போதலை" என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு அதை அழித்தாள்.

பிறகு நிறுத்தாமல் எழுதினாள். இந்த ஆய்வேடு இந்த நூலகத்தில் எப்போதும் இருந்தது. ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. இதைத் தேடலில் வராமல் மறைத்தவர் இன்னார். இதன் அட்டவணைகளும் புகைப்படமும் அவருடைய ஆய்வேட்டில் அவருடையவையாக இடம்பெற்றுள்ளன. அவருக்கும் இந்த ஆய்வேட்டின் ஆசிரியைக்கும் நெறியாளர் ஒருவரே. மறைப்பதற்குப் பயன்பட்ட கடவுச்சொல் என்னுடையது. விதியை மீறி அதை அவருக்குக் கொடுத்தது நான். அவருக்கு நான் வழங்கிய தேடல் சான்று செல்லாது.

நெறியாளர் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டே வந்தவர், தன்னைப் பற்றிய வரி வந்ததும், "இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். அவள் எழுதி முடித்தாள். ஒரு பிரதியைப் பதிவாளருக்கு அனுப்பினாள். இன்னொன்றை அச்செடுத்து, பையிலிருந்த சொந்தப் பேனாவால் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி ஆசிரியையிடம் கொடுத்தாள். ஆசிரியை நின்றபடியே அதை முழுக்கப் படித்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, கதவுக்கு அப்பால் நின்றவனையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்காமல் போனாள். தம்பியைக் கடந்து போகும்போது ஒரு நிமிஷம் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் போனை எடுத்துப் பார்க்கிறவன்போல் தலையைக் குனிந்துகொண்டான்.

நெறியாளர் போய்விட்டார். மத்தியானம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து, மறு உத்தரவு வரும்வரை அவள் முத்திரையை ஒப்படைக்க வேண்டும் என்று ஆள் வந்தது. எடுத்துக் கொடுத்தாள். போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஒரு தடவை போய்க் கழுவினாள்.

மாலையில் அம்மாவின் போன்.

"உன் தம்பி வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழறான்டி. பட்டம் போச்சு, வேலையும் போச்சுங்கறான். எந்தப் பாவி இப்படிப் பண்ணான்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறான்."

"நான்தாம்மா."

அம்மா குரலை உயர்த்தினாள்.

"அவன் யாருன்னு உனக்கு மறந்துபோச்சாடி?"

"மறக்கலம்மா" என்றாள். "லெட்டர்லயே எழுதியிருக்கேன். பேரு, வேலை, எனக்கு என்ன உறவு, எல்லாம். தம்பின்னு எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன்."